தையல் தெரியட்டும்

நம் இதழுக்கு வரும் கலப்பு ஊடக உருவப் படைப்புகளில் தனிமை பெரும்பாலும் ஒரே கோலத்தில் வருகிறது. முழங்காலைக் கட்டிக்கொண்டு தலைகவிழ்ந்த உடல், சுற்றிலும் கறுப்பு அக்ரிலிக், மேலே கிழித்து ஒட்டிய செய்தித்தாள், கொஞ்சம் துருப்பிடித்த கம்பி. உழைப்பில் குறையில்லை. ஆனால் சோகம் முழுவதையும் அந்த உட்கார்ந்த கோலமே சொல்லிவிடுகிறது. தாளையும் கம்பியையும் உரித்தெடுத்தாலும் படத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இந்த நேரத்தில் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் துணி உருவங்களை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். 1911-இல் பாரிஸில் பிறந்தவர். பெற்றோர் பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிடும் பட்டறை நடத்தினார்கள். சீலையின் கீழ்ப்பகுதிதான் முதலில் நைந்துபோகும் என்பதால், அழிந்துபோன பாதங்களை வரைந்து கொடுப்பது சிறுமி லூயிஸின் வேலை. செப்பனிட்டது தெரியாமல் இழை சேர்ப்பதுதான் அந்தத் தொழிலின் பெருமை. பிறகு நியூயார்க்கில் மரம், பளிங்கு, வெண்கலம் என்று எல்லாவற்றையும் கையாண்டு, எண்பதைத் தாண்டிய வயதில், சேர்த்துவைத்திருந்த தன் பழைய உடைகளை வெட்டி உருவங்கள் தைக்கத் தொடங்கினார். அவற்றில் தையலை மறைக்கவே இல்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் போட்ட தையலைப் போல அது உடலின் மேல் அப்படியே தெரிகிறது.

1997-இல் செய்த 'கப்பிள் 4' படைப்பைப் பாருங்கள். கறுப்புத் துணியில் தைத்த இரண்டு உடல்கள், பழைய கண்ணாடிப் பேழைக்குள் தழுவிக் கிடக்கின்றன. இரண்டுக்கும் தலை இல்லை. ஒன்றுக்குச் செயற்கைக் கால். துணி அணைக்கிறது, விறைத்த கால் அந்த அணைப்பில் சேராமல் நீட்டிக்கொண்டிருக்கிறது, கண்ணாடி நம்மை வெளியே நிறுத்துகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை. அதே ஆண்டின் 'பிங்க் டேஸ் அண்ட் ப்ளூ டேஸ்' படைப்பில் உடலே கிடையாது, எலும்புகளில் மாட்டிய உடைகள்தான். ஆனாலும் அங்கே ஒருத்தி இருக்கிறாள்.

நம் பட்டறைகளில் நடப்பது நேர்மாறு. ஒட்டிய விளிம்பு தெரியாமல் ஜெஸ்ஸோ பூசி, மேலே வார்னிஷும் அடித்துவிடுகிறோம். காயம் அங்கேயே ஆறிப்போகிறது. கடையில் வாங்கிய காடாத் துணியைத் தேயிலைச் சாயத்தில் முக்கிப் பழசாக்குவதும் எனக்கு ஒப்பவில்லை. யாரோ உடுத்திய சேலையில் இடுப்பருகே விழும் கிழிசலை எந்தச் சாயமும் தராது. இரண்டாவது பொருளைக் கையில் எடுக்குமுன், முதல் பொருளால் முடியாதது எது என்று யோசியுங்கள். பதில் கிடைக்காவிட்டால் காகிதமும் கரித்துண்டும் போதும்.

அடுத்த இதழுக்குப் படம் அனுப்புபவர்கள் முன்புறத்தை மட்டும் அனுப்ப வேண்டாம். துணி காகிதத்தைத் தொடும் இடம், கம்பி சதைக்குள் நுழையும் இடம், முடிச்சுப் போட்ட பின்புறம் ஆகியவற்றையும் கிட்டப் போய் எடுத்து அனுப்புங்கள். அவற்றையும் முழுப் பக்கத்தில் அச்சிடுவோம்.