வீட்டுச் சுவரில் வங்கி நோட்டீஸ்: ஏலத்துக்கு முன் விவசாயிக்கு உள்ள வழிகள்

நாளிதழின் உள்பக்கங்களில் பொடி எழுத்தில் வரும் 'சுவாதீன அறிவிப்பு'களை நம்மில் பலர் படிப்பதில்லை. சர்வே எண், சதுர அடி, வடக்கே இன்னார் மனை, தெற்கே ஊராட்சித் தெரு என்று நான்கெல்லை போட்டிருக்கும். கொஞ்சம் நின்று படித்தால் அதில் நகரத்து அடுக்குமாடிகள் மட்டுமல்ல, கிராமத்து ஓட்டு வீடும் மாடி வீடும் இருப்பது தெரியும். கடன் வாங்கியவர் தவணை கட்டாததால் வீட்டை வங்கி சட்டப்படி தன் வசம் எடுத்துக்கொண்டது என்பதே அந்த அறிவிப்பின் பொருள். அடுத்தது ஏலம்.

இதற்கு வங்கிகள் பயன்படுத்துவது 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, பிறகு ஜப்தி செய்வது பழைய முறை. இந்தச் சட்டத்தில் நீதிமன்றம் போகாமலேயே வங்கி அடமானச் சொத்தை எடுத்து விற்கலாம். கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்துவிட்டது.

விவசாயி இதில் மாட்டிக்கொள்வதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய பயிர்க்கடன் இரண்டு பருவம் நிலுவையில் நின்றால்தான் வாராக்கடன். வீட்டுக்கடனுக்கும் வீட்டை வைத்து வாங்கும் அடமானக் கடனுக்கும் 90 நாள்தான் கணக்கு. மஞ்சள் போட்டவருக்கு 9 மாதம் கழித்துத்தான் காசு. கரும்பு என்றால் வெட்டுக்கு ஒரு வருஷம், ஆலைப் பணம் கைக்கு வர இன்னும் சில மாதம். வங்கியோ மாதச் சம்பளக்காரருக்குப் போட்ட அதே தவணையை இவருக்கும் போடுகிறது. போர்வெல்லுக்கோ மகள் கல்யாணத்துக்கோ வீட்டுப் பத்திரத்தை வைத்தவர், ஒரு மழை தவறினால் மூன்றே மாதத்தில் வாராக்கடன்காரர் ஆகிவிடுகிறார். இதில் விவசாயியை விட, கடன் கொடுக்கும்போதே அறுவடையைப் பார்த்துத் தவணை அமைக்காத வங்கியின் தவறுதான் பெரிது என்பேன்.

எனவே முதல் வழி, அந்த 90 நாளுக்குள் எழுத்தில் கேட்பது. தவணையை அரையாண்டுக்கு ஒருமுறை, அறுவடையை ஒட்டிக் கட்டும்படி மாற்றித் தரக் கேட்கலாம். கடன் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்கக் கேட்கலாம். மேனேஜரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் கணக்கில் நிற்காது. மனு கொடுத்து, நகலில் வங்கி முத்திரையுடன் கையெழுத்து வாங்க வேண்டும். மாவட்டத்தில் பயிர்ச்சேதம் 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று அறிவிக்கப்பட்டால் பயிர்க்கடனை மாற்றியமைக்க ரிசர்வ் வங்கியின் விதியில் இடமுண்டு. அந்தச் சமயத்தில் பயிர்க்கடனுக்கு மட்டும் மனு கொடுத்துவிட்டு வீட்டுக்கடனை விட்டுவிடக் கூடாது. இரண்டையும் ஒரே மனுவில் கேளுங்கள்.

அது தவறினால் வருவது 60 நாள் நோட்டீஸ். இதைப் பார்த்து வங்கிப் பக்கமே போகாமல் இருந்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினாலும் நாள் கணக்கு நிற்காது. நோட்டீஸுக்கு ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் வங்கி காரணத்துடன் பதில் தந்தே ஆக வேண்டும். வட்டிக் கணக்கு தவறு, கட்டிய தொகை வரவு வைக்கப்படவில்லை, அபராதத்துக்கும் வட்டி போட்டிருக்கிறது என்பதெல்லாம் ஆட்சேபத்தில் வர வேண்டியவை. 2024 ஏப்ரல் 1 முதல் அபராதத் தொகையை அசலோடு சேர்த்து அதன் மேல் வட்டி ஏற்றக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கணக்கு அறிக்கையை வாங்கி ஒரு வரி விடாமல் பாருங்கள். பாக்கித் தொகை, அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தச் சட்டத்தையே பயன்படுத்த முடியாது. பெரும்பகுதி கட்டி முடித்தவர்களுக்கு இது உதவும்.

நோட்டீஸ் வந்த பிறகு அடமானச் சொத்தை வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. ஆனால் சம்மதம் கேட்பதற்குத் தடையில்லை. ஏலத்தில் போகும் விலையைவிட நாமே ஆள் பார்த்து விற்றால் கூடுதலாகக் கிடைப்பதுண்டு. வாங்குபவர் நேராக வங்கியில் பணம் கட்டும்படி ஏற்பாடு செய்தால் வங்கிகள் பெரும்பாலும் மறுப்பதில்லை. அடமானத்தில் இல்லாத அரை ஏக்கரை விற்று வீட்டை மீட்பதும் ஒரு வழி. மனதுக்குக் கஷ்டம்தான். குடியிருக்கும் வீடு போனால் ஏற்படும் செலவையும் அலைச்சலையும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம்.

விவசாய நிலம் ஏலத்துக்குப் போகாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இது பாதி உண்மை. சர்ஃபாசி சட்டத்தின் 31-வது பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் நஞ்சை, புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் பயிர் நடக்க வேண்டும், அதை நிரூபிப்பது கடன்காரர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தெளிவாக்கியது. ஆண்டுதோறும் அடங்கலில் பயிர் ஏறியிருக்கிறதா என்று பார்த்து வைப்பது இங்கேதான் கைகொடுக்கும். விலக்கு கிடைத்தாலும் கடன் ஒழியாது. வங்கி வழக்குப் போட்டு வசூலிக்கலாம். நத்தத்தில் இருக்கும் வீட்டுக்கோ இந்த விலக்கே கிடையாது.

வீட்டுக்கு வேறொரு பாதுகாப்பு இருக்கிறது. அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவுப்படி, விவசாயிக்குச் சொந்தமான, அவர் குடியிருக்கும் வீட்டைக் கடன் தீர்ப்புக்காக ஜப்தி செய்ய முடியாது. புரோநோட்டுக் கடன், கைமாற்று, கடையில் வைத்த உரப் பாக்கி எதற்கும் இந்த வீட்டைத் தொட முடியாது. ஆனால் அந்தக் கடனை அடைப்பதற்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டால், அந்த வங்கிக் கடனைப் பொறுத்தவரை இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. சில்லறைக் கடன்களையெல்லாம் திரட்டி ஒரே அடமானக் கடனாக மாற்றச் சொல்லி ஏஜென்டுகள் வரும்போது வட்டி குறைவு என்பது மட்டும்தான் கண்ணில் படும். வட்டி குறைவது உண்மை. அதற்கு ஈடாக, யாரும் தொட முடியாமல் இருந்த வீடு பணயமாகிறது. கந்துவட்டியில் சிக்கியவருக்கு வேறு வழி இல்லாமல் போகலாம். மற்றவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும்.

60 நாள் முடிந்து வங்கி சுவாதீனம் எடுத்தால், அன்றிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். சென்னை, கோவை, மதுரையில் இவை இருக்கின்றன. மனு போட முன்பணம் கட்டத் தேவையில்லை. தடை உத்தரவு கேட்டால் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வது வழக்கம். ஊர் முன்சீப் கோர்ட்டில் இதற்கு வழக்குப் போட முடியாது. உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும் பெரும்பாலும் தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. அதற்குள் 45 நாள் ஓடிவிடும்.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டிய தேதி ஏல அறிவிப்பு வெளியாகும் நாள். முன்பெல்லாம் ஏலம் முடியும் வரை பணம் கட்டி வீட்டை மீட்கலாம் என்ற நிலை இருந்தது. 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஏல அறிவிப்பு வெளியான பிறகு மீட்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது. ஏலத்துக்கு முதல் நாள் பணத்தோடு போய் நின்றால் வங்கி வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. அதன் பிறகு பார்க்க வேண்டியது விலையைத்தான். அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் மதிப்பை வைத்துத்தான் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க வேண்டும். கடன் போக மிச்சப் பணம் வீட்டுக்காரருக்குச் சேர வேண்டியது, கேட்டு வாங்க வேண்டும். ஏலத் தொகை போதாவிட்டால் மீதிக்கு வங்கி தொடர்ந்து துரத்தலாம்.

ஓ.டி.எஸ் எனப்படும் ஒருமுறைத் தீர்வு பற்றியும் சொல்ல வேண்டும். வட்டியைக் குறைத்து மொத்தமாக முடிக்கும் இந்த வழியை ஏலத்துக்கு முன் எந்தக் கட்டத்திலும் கேட்கலாம். ஆனால் அதை உரிமையாகக் கோர முடியாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. கெடுவுக்குள் முழுத் தொகையைக் கட்டாவிட்டால் சலுகை ரத்தாகி பழைய பாக்கி திரும்ப வரும். கையில் பணம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. சிபில் பதிவிலும் 'செட்டில்டு' என்று நிற்கும், அடுத்த கடனுக்கு அது இடைஞ்சல். மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் கட்டணம் இல்லை, ஆனால் அங்கே போடும் கையெழுத்துக்கு மேல்முறையீடும் இல்லை. மாதத்துக்கு எவ்வளவு கட்ட முடியும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போவது நல்லது.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்து தொந்தரவு கொடுத்தால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான எண் 14448.

கடனை முடித்தவர்களுக்கு 30 நாளுக்குள் அசல் பத்திரம் திரும்ப வர வேண்டும். தாமதத்துக்கு வங்கி காரணமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. பத்திரம் கைக்கு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்துக்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் பதிவு ஏறிவிட்டதா என்று ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.