பட்டாளத்தில் கழற்றிய கயிறு

விடியும் முன்பு கீழப்பாவூர் குளத்துக்கரைப் பக்கமோ பாவூர்சத்திரம் சாலையிலோ நாலைந்து பையன்கள் மூச்சிரைக்க ஓடினால், பால் வாங்கப் போகிற யாரும் நின்று பார்ப்பதில்லை. “ஆர்மிக்கு ஓடுதானுவ” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் 60 மதிப்பெண்; பத்து புல்-அப் எடுத்தால் இன்னொரு 40. பிளஸ் டூ பாடத்தைவிட இந்தக் கணக்கு அவர்களுக்கு அத்துப்படி.

வீட்டில் ஓடும் கணக்கு வேறு. “பட்டாளத்துக்குப் போனாத் திருந்திருவான்” என்பது மடியில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருக்கும் அம்மா முதல் டீக்கடைப் பெரியவர் வரை பலருடைய நம்பிக்கை. ராணுவத்தைச் சீர்திருத்தப் பள்ளியாகப் பார்க்கும் இந்த எண்ணத்தில் எனக்கு உடன்பாடில்லை. தனக்குள் ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்பதைப் பட்டாளம் ஒருவனுக்குக் காட்டிக்கொடுக்கிறது. அங்கே தெரிவது எல்லாமே நல்லதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

பயிற்சி மையத்தின் பாரக்கை நினைத்துப் பாருங்கள். இரும்புக் கட்டில். அதன் கீழே கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டில் நம்பரும் பெயரும். மடித்த கம்பளியின் விளிம்பு பக்கத்துக் கட்டிலின் கம்பளியோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். தட்டில் சோறு விழுந்த பிறகுதான் கை கழுவவே எழுந்து பழகியவன், லங்கர் எனும் சமையற்கூட வரிசையில் நின்று சப்பாத்தி வாங்கித் தின்று, தட்டைத் தானே கழுவி அடுக்குகிறான். ஒருவனுடைய ஷூ லேஸ் தளர்ந்திருந்தால் பயிற்சி தரும் உஸ்தாத் அவனை மட்டும் தண்டிப்பதில்லை. பிளாட்டூன் மொத்தத்துக்கும் ரகடா. முழங்கை தேயத் தேயத் தரையில் உருள வேண்டும். தன் சோம்பேறித்தனத்துக்கு முப்பது பேர் விலை கொடுப்பதை ஒருவன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணால் பார்ப்பது அங்கேதான். அந்த முப்பது பேருக்கும் அதே நாளில் ஒரு பாடம் உண்டு: ஓட முடியாமல் பின்தங்கும் ஒருவனை மனதார வெறுக்கத் தங்களுக்கும் தெரியும் என்பது. ஓய்வுபெற்று வந்தவர்கள் முதல் பாடத்தைச் சொல்வார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

பட்டாளத்தில் குணம் மாறுகிறதா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் கட்டாய ராணுவ சேவை இருந்த காலத்தில், ராணுவத்துக்குப் போன இளைஞர்களையும் அதற்குப் பதிலாகச் சமூக சேவைக்குப் போனவர்களையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. ராணுவத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் தொடக்கத்திலேயே இணக்க குணத்தில் சற்றுக் குறைந்திருந்தார்கள். பயிற்சிக்குப் பிறகு அந்த இடைவெளி கூடியது. ஐந்து ஆண்டுகள் கழித்தும் மறையவில்லை. ‘திருந்திருவான்’ என்று அனுப்புகிறவர்கள், எந்தத் திசையில் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இவ்வளவையும் மீறி, தென்காசி, திருநெல்வேலி மாவட்டப் பையன்களுக்குப் பட்டாளம் செய்யும் ஒரு காரியத்தை இங்கே வேறு எந்த நிறுவனமும் அவ்வளவு எளிதாகச் செய்துவிடுவதில்லை. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் மாணவர் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே சாதி சொல்லிவிடலாம். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள்; தடுக்க வந்த தங்கையும் தப்பவில்லை. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கயிறு உள்ளிட்ட சாதி அடையாளங்களைப் பள்ளிகளில் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது.

அதே கயிற்றைக் கட்டிக்கொண்டு பரேடு மைதானத்தில் நிற்க முடியாது. 1758-இல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமென்டில் தென்மாநிலங்களின் எல்லாச் சாதியினரும் கலந்தே இருக்கிறார்கள். (ராணுவத்தைச் சாதியற்ற சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ராஜ்புத், ஜாட், மகார் என்ற பெயர்களில் ரெஜிமென்ட்கள் இன்றும் இருக்கத்தான் செய்கின்றன.) குன்னூர் அருகே வெலிங்டனில் இருக்கிறது மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம். அங்கே அடுத்த கட்டிலில் படுப்பவன், ஊரில் இருந்திருந்தால் எந்தத் தெருவில் குடியிருப்பான் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். தெரிந்தும், அவன் குடித்த பாட்டிலில் தண்ணீர் குடிக்காமல் நெடும்பயணத்தை முடிக்க முடியாது. ரத்தத்தில் ஊறியது என்று இவன் நினைத்திருந்த பெருமையும் அருவருப்பும் சில மாதப் பழக்கத்தில் கரைந்துபோகின்றன. தன்னைப் பற்றி ஒருவன் அறியக்கூடியவற்றில் இதைவிடப் பெரியது இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கரைந்தது கரைந்தபடியே இருக்கிறதா? லீவில் வருகிறவன் ரயிலை விட்டு இறங்கி வீடு சேர்ந்த இரண்டாம் நாள் கோயில் கொடை விழா பேனரில் அவன் படம் ஏறுகிறது: சீருடை, பக்கத்தில் சாதித் தலைவர், கீழே அந்தச் சமுதாயத்தின் பெயர். அவன் மறுப்பதில்லை. மறுக்க அவனுக்குப் பட்டாளம் சொல்லித்தரவில்லை, கீழ்ப்படியத்தான் சொல்லித்தந்தது. முகாமில் ராணுவத்தின் கட்டளைக்குப் பணிந்து கழற்றிய கயிற்றை, ஊரில் ஊரின் கட்டளைக்குப் பணிந்து மறுபடி கட்டிக்கொள்கிறான்.

இப்போது இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துவிட்டது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணி நான்கே ஆண்டுகள். அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதத்தினருக்கு மட்டுமே நிரந்தர வாய்ப்பு. இது ஏன் சிக்கல் என்பதை ஒரு பழைய ஆய்வு காட்டுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களிடம் சமூகவியலாளர் சாமுவேல் ஸ்டஃபர் குழு நடத்திய கணக்கெடுப்பு 1949-இல் நூலாக வந்தது. சண்டையில் வீரனைத் தாங்கிப் பிடித்தவற்றில் பக்கத்தில் நிற்கும் தோழனுக்குப் பெரிய இடம் இருந்தது. லட்சிய முழக்கம் ரொம்பப் பின்னால்தான் வந்தது. அதே ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது. பதவி உயர்வு வேகமாகக் கிடைத்த விமானப் பிரிவில் அதிருப்தி அதிகம். மெதுவாகக் கிடைத்த மிலிட்டரி போலீசில் குறைவு. மனிதன் தன்னை அளப்பது பக்கத்திலிருப்பவனை வைத்துத்தான். அந்தப் பக்கத்துக் கட்டில்காரனையே நால்வரில் ஒருவருக்கான இடத்துக்குப் போட்டியாளன் ஆக்கிவிட்டு, அவனுக்காக உயிரைக் கொடு என்று கேட்பது என்ன நியாயம்?

நான்கு ஆண்டு முடிவில் கையில் வருவது சுமார் 11.71 லட்சம் ரூபாய். அதில் பாதி அவன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்த பணமும் அதன் வட்டியும். ஓய்வூதியம் கிடையாது. பணம் ஒருபுறம் இருக்கட்டும்; திரும்பி வருகிறவனைப் புரிந்துகொள்ள ஆளும் வேண்டும். சிங்கப்பூரில் 1967 முதல் தமிழர் உட்பட ஆண்கள் கட்டாயத் தேசிய சேவைக்குப் போவதால், இரண்டு ஆண்டு முடித்து வருகிறவனைப் புரிந்துகொள்ள அப்பாவும் மேலாளரும் இருக்கிறார்கள். அவர்களும் அதே வழியாக வந்தவர்கள்தான். இங்கே திரும்பி வருகிறவனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. அக்காவின் கல்யாணக் கடனும் பாங்கு வாசலில் செக்யூரிட்டி வேலையும் காத்திருக்கின்றன. தன்னைப் பற்றி அவன் கற்றுவந்ததைக் கேட்க ஆளில்லை.

அக்னிபத் திட்டத்தில் 2023 தொடக்கத்தில் ராணுவப் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் அணியின் நான்கு ஆண்டுகள் 2026 இறுதியை ஒட்டி முடிகின்றன. திரும்புகிறவர்களைக் கீழப்பாவூர், ஆலங்குளம், சங்கரன்கோவில் பள்ளிகளில் குடியரசு தினத்துக்குக் கொடியேற்ற அழைப்பார்கள். அழையுங்கள். ஆனால் வீர உரை கேட்காதீர்கள். எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு முன்னால் நிற்கவைத்து, கையிலிருந்த கயிற்றைக் கழற்றிய நாளில் என்ன நினைத்தாய், ஊருக்கு வந்ததும் ஏன் திரும்பக் கட்டினாய் என்று கேளுங்கள்.