சுருங்குற நூலும் எங்க ஊர் வெயிலும்

ராஜபாளையம்னு சொன்னா எல்லாருக்கும் நாய்தான் ஞாபகம் வருது. பேண்டேஜ் துணியையும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க சாமி. சத்திரப்பட்டி பக்கம் போனா தறிச் சத்தத்துல பக்கத்துல நிக்கிறவர் பேசுறது கேக்காது.

சுளுக்குக்குக் கட்டுற கிரேப் பேண்டேஜ்ல ரப்பரே இல்லாத, வெறும் பருத்தி ரகம் ஒண்ணு உண்டு. நூலுக்கு முறுக்கை அதிகமா ஏத்தித்தான் அந்த இழுவையைக் கொண்டு வர்றாங்க. கட்டிக்கட்டித் தொளதொளன்னு ஆயிட்டா, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில அலசுனா போதும், இழுவை திரும்பிடும். முறுக்கு கூடக்கூட நூல் பலமாகும், ஒரு அளவு தாண்டுனா அறுந்துரும். இது மில்லுல வேலை பார்க்கிற யாருக்கும் தெரியும்.

2002-ல ஆண்ட்ரியாஸ் லெண்ட்லைனும் ராபர்ட் லாங்கரும் 'சயின்ஸ்' இதழ்ல எழுதுனதும் கிட்டத்தட்ட இதே சமாச்சாரம்தான். உடம்புக்குள்ளேயே கரைஞ்சுபோற பாலிமர் நூல். இழுத்து வச்சுத் தளர்வா தையல் போடணும், 41 டிகிரி சூடு காட்டுனா தானே இறுகிக்கும். எலி மேல செஞ்சும் பார்த்தாங்க. உள்ளே ரெண்டு வகைத் துண்டுச் சங்கிலிகள். ஒண்ணு பழைய வடிவத்தைப் பிடிச்சு வைக்கும், இன்னொண்ணு சூட்டுல இளகி விட்டுக்கொடுக்கும். விகிதத்தை மாத்துனா விறைப்பு மாறும், இழுவையும் மாறும். கூடவே கரையுற வேகமும் மாறித் தொலைக்கும்!

எல்லாரும் "கரையுமா?"ன்னு மட்டும் கேக்குறதுதான் எனக்கு எரிச்சல். இப்ப ஆஸ்பத்திரிகள்ல போடுற விக்ரில் தையல் மொத்தமா கரைய 56-லேர்ந்து 70 நாள் ஆகும். ஆனா மூணாவது வாரத்துலயே பாதி பலம் போயிடும். புண்ணுக்கு வேண்டியது அந்தப் பலம்தான். நூல் அதிகமா இறுகுனா சதைக்கு ரத்தம் போகாம அழுகிடும், இறுகலைன்னா புண் வாய் பிளந்துக்கும்.

அடுத்த சிக்கல் நம்ம வெயில். இறுகுற சூடு காய்ச்சலை விட அதிகமா இருக்கணும், சதையை வேக வைக்கவும் கூடாது. இடைவெளி ரெண்டு மூணு டிகிரிதான். மே மாசம் தகரக் கூரை போட்ட குடோன் அந்த இடைவெளிக்குள்ள சுளுவா வந்துரும். பாக்கெட்டைப் பிரிக்கும் முன்னாடியே நூல் சுருங்கிக் கிடந்தா டாக்டர் என்ன பண்ணுவார்?

ஐஸ் பெட்டியில அனுப்பலாம்தான், ஆனா சின்ன ஊர் ஆஸ்பத்திரி வரைக்கும் அதை நம்ப முடியாது. என் கட்சி வேற: ஈரத்தை வச்சு ட்யூன் பண்ணுங்க. லாக்டிக், கிளைகாலிக் அமிலத்துலேர்ந்து வர்ற பிஎல்ஜிஏ உலர்ந்திருக்கும்போது பொதுவா 45-50 டிகிரியில இளகும். தண்ணி ஏறுனா அது 10 டிகிரிக்கு மேலேயே இறங்கும். பாக்கெட்டுல தூங்கும், உடம்புல முழிக்கும். ஈரம் ஏற எவ்வளவு நேரம் ஆகும்ங்கறதைத்தான் சரியா அமைக்கணும், முடிச்சுப் போடும் முன்னாடியே முழிச்சுட்டா கதை கந்தல்.

சோதனைக்கு ஜெர்மனி போக வேண்டாம். ஒரு மே மாசம், ஒரு தகரக் குடோன், நூறு பாக்கெட் நூல் போதும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல குடோன் பிடிச்சுத் தர்றது என் பொறுப்பு. கமிஷன் அரைக் கிலோ பால்கோவா :-)