ஆளில்லாத இடம்

போலீஸ் துப்பாக்கி சுட்டுப் பழக இடம் வேண்டும். சரி. எங்கே? ஊருக்கு ஒதுக்குப்புறமா, மலையடிவாரத்தில், ஆளில்லாத இடமாகப் பாருங்கள் என்பார்கள். நம் சனங்களுக்குத் தெரியும், ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் யார் இருக்கிறார்கள் என்று.

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்குப் பக்கம், பசுமலைப்பட்டியில் இருக்கும் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செத்துப்போனான். முதலமைச்சர் 10 லட்சம் அறிவித்தார். தளத்தை நிரந்தரமாக மூடு என்று மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள்.

'குறி தவறிய குண்டு' என்று எழுதின பத்திரிகைகள். குறி தவறாமல் சுடுகிறவனுக்குப் பயிற்சி எதற்கு? தவறும் என்பதால்தானே தளமே. ரைபிள் குண்டு மண்மேட்டைத் தாண்டிவிட்டால் 2, 3 கிலோமீட்டர் பறக்கும். பாறையில் பட்டுத் தெறித்தால் எந்தப் பக்கம் போகுமென்று சுட்டவனுக்கே தெரியாது. அப்படியென்றால் தளத்தின் எல்லை முள்வேலி அல்ல, குண்டு போய் விழக்கூடிய கடைசி இடம். அங்கே மாடு மேய்க்கிறவன், விறகு பொறுக்குகிறவள், திண்ணையில் சோறு தின்கிற பிள்ளை எல்லாம் தளத்துக்கு உள்ளேதான் இருக்கிறார்கள்.

நான் வங்கி குமாஸ்தா. பயிர்க்கடன் கேட்டு வருகிறவர்களிடம் சிட்டா, அடங்கல் கேட்டே என் காலம் போகிறது. அந்தக் காகிதங்களின் பாஷை எனக்குப் பழக்கம். தரிசு, கல்லாங்குத்து, மேய்க்கால் புறம்போக்கு. மூன்று தலைமுறையாக அங்கேயே குடிசை போட்டு உட்கார்ந்திருப்பவன் பெயர் அதில் வராது. பட்டா இல்லாதவன் கடனுக்கு ஆள் இல்லை. இடம் தேர்வு செய்கிற அதிகாரியின் கணக்கிலும் ஆள் இல்லை. தாசில்தார் ஆபீசில் 'காலி' என்று எழுதப்படுகிற சொல்லுக்குள் எத்தனை அடுப்பு எரிகிறதோ!

இன்னொன்றும் சொல்லணும். எங்கள் பெட்டக அறைக்குச் சுவர் இத்தனை கனம், கம்பி இத்தனை நெருக்கம் என்று அளவு இருக்கிறது. ரூபாய் நோட்டுக்குக் காங்கிரீட் கட்டத் தெரிகிறது. சுடுகிற இடத்துக்கு நாலு பக்கமும் சுவர் எழுப்பி, மேலே தடுப்பு போட்டு, கூரைக்குள்ளேயே பழக வைப்பதும் உலகத்தில் நடக்கிற காரியந்தான். செலவாகும் என்பார்கள். ஆகட்டுமே.

ஜார்கண்டில் நேதர்ஹாட் மலையில் நடந்தது ராணுவத்தின் கதை, போலீசினுடையது அல்ல. ஆனாலும் நமக்குப் பாடம். 1938ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தைக் காட்டி 245 கிராமங்களைச் சுடுகளமாக அறிவித்தார்கள். 1994 மார்ச்சில் ராணுவ வண்டிகள் வந்தபோது ஆதிவாசிகள் வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். பெண்கள்தான் முன்வரிசை. அனுமதியை நீட்டிப்பதில்லை என்று மாநில அரசு சொல்ல 2022 ஆகஸ்டு ஆயிற்று. 28 வருஷம், தோழர்களே.

உங்கள் ஊர்ப் பக்கம் ஜீப்பில் வந்து இறங்கி மலையைக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தால் சும்மா பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். எந்தத் துப்பாக்கி, குண்டு எத்தனை தூரம் போகும், அந்தத் தூரத்துக்குள் எத்தனை வீடு, வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டு என்று கேளுங்கள். கிராம சபையில் வைத்தாயா என்று கேளுங்கள். சுடுகிற நாளைத் தண்டோரா போட்டுச் சொல்வோம், சிவப்புக் கொடி கட்டுவோம், நீங்கள் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று பதில் வரும். நார்த்தாமலைப் பையன் இருந்தது வீட்டில்தான் என்று சொல்லுங்கள்.