முதல் பந்தில் அவுட்டானவனுக்கு அடுத்த ஆட்டம் உண்டா?

2023 மார்ச் 22, சேப்பாக்கம். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான மூன்றாவது ஒருநாள் ஆட்டம். சூர்யகுமார் யாதவ் உள்ளே வந்தார். ஆஷ்டன் ஏகர் வீசிய பந்து, அவருக்கு அது முதல் பந்து, ஸ்டம்பைச் சாய்த்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களிலும், மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும், மிட்செல் ஸ்டார்க்கின் பந்தில் இதே கதைதான். மூன்று ஆட்டம், மூன்று பந்து, மூன்று முட்டை. அன்றிரவு ஆம்பூர் டீக்கடையில் கம்பெனி வேலை முடித்து வந்த நம் பையன்கள் ஒரு போனைச் சுற்றி நின்று சிரித்தார்கள். பொய் சொல்வானேன், நாமும்தான் சிரித்தோம்.

அந்த மாதக் கடைசியில் ஐபிஎல் தொடங்கியது. மும்பை இந்தியன்ஸ் அணிக்காக முதல் மூன்று ஆட்டங்களில் அவர் எடுத்தது 15, 1, 0. சேப்பாக்கம் வரையிலான அந்த மூன்று முட்டைகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஆறு இன்னிங்ஸில் 16 ரன். கம்பெனியில் ஆறு நாள் இப்படி வேலை செய்தால் ஏழாம் நாள் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டார்.

அவருக்கு என்ன நடந்தது? நான்காவது ஆட்டத்தில் ரோகித் சர்மாவுக்கு உடம்பு சரியில்லை. அணியை நடத்தும் பொறுப்பை அதே சூர்யகுமாரிடம்தான் கொடுத்தார்கள். 43 ரன் எடுத்தார். அந்த சீசனில் மொத்தம் 16 ஆட்டம் ஆடினார். முதல் எட்டில் 201 ரன். அடுத்த எட்டில் 404 ரன். மே 12 அன்று குஜராத்துக்கு எதிராக 49 பந்தில் ஆட்டமிழக்காமல் 103. ஐபிஎல்லில் அவருடைய முதல் சதம் அதுதான். சீசன் முடிவில் 605 ரன். சிரித்த டீக்கடையே கைதட்டியது.

இதைக் கிரிக்கெட் ரசனைக்காக எழுதவில்லை தோழர்களே. அந்த ஒருநாள் தொடர் முடிந்ததும் ரோகித் சர்மா சொன்ன கணக்கு ஒன்று நம் மண்டையில் அப்படியே நிற்கிறது. இந்தத் தொடரில் அவர் ஆடியதே மூன்று பந்துதானே, அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்ற பொருளில் பேசினார். ஊரே மூன்று முட்டை என்று எண்ணியபோது கேப்டன் மூன்று பந்து என்று எண்ணினார். முட்டையை எண்ணினால் ஆள் தோற்றவன். பந்தை எண்ணினால் அவனுக்கு இன்னும் வாய்ப்பே வரவில்லை. எந்தக் கணக்கு யாருக்குப் போடப்படுகிறது என்பதுதான் நம் கேள்வி.

நம் ஊர்களில் யாரும் ஆடாத பேஸ்பாலிலிருந்து ஒரு கதை. 1951 மே மாதம் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு வில்லி மேஸ் என்ற கறுப்பின இளைஞர் வந்தார். வயது இருபது. அமெரிக்காவின் பெரிய லீக்கில் நிறத் தடையை ஜாக்கி ராபின்சன் உடைத்து அப்போது நான்கே ஆண்டுதான் ஆகியிருந்தது. மேஸ் முதல் பன்னிரண்டு முறை மட்டையெடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு ஹோம் ரன் அடித்தார், மறுபடியும் வறட்சி. அழுதுகொண்டே, என்னைச் சின்ன லீக்குக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். மேலாளர் லியோ டுரோச்சர் மறுத்துவிட்டார். நான் இங்கே இருக்கும்வரை இந்த இடம் உன்னுடையது என்று உறுதி சொன்னார். அந்த ஆண்டு மேஸ் 20 ஹோம் ரன் அடித்து, சிறந்த புதுமுகம் என்ற விருதையும் வாங்கினார். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 660 ஹோம் ரன். அந்த ஜூன் மாதத்தில் அவரை அனுப்பியிருந்தால் இன்று அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. "திறமை இல்லாதவன்" என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். அதைப் பொய் என்று நிரூபிக்கவும் வழி இருந்திருக்காது.

பந்து வீசுகிறவனுக்கும் மட்டை பிடிக்கிறவனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அடி வாங்கினாலும் அடுத்த பந்து வீசுகிறவன் கையில்தான் இருக்கும். மட்டை பிடிக்கிறவன் ஒரு பந்தில் தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான். அவனுக்கு அடுத்த ஆட்டத்தை வேறு யாராவது கொடுத்தாக வேண்டும். இதை நினைக்கும்போது பல்வாங்கர் பாலு நினைவுக்கு வருகிறார். 1876இல் பிறந்தவர். தோல் தொழிலோடு சேர்த்துக் கட்டிப்போடப்பட்ட சாமர் சாதி, அதாவது நம் தோல் பகுதித் தொழிலாளியின் உறவுக்காரர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதான வேலை பார்த்தார். கிரெய்க் என்ற ஆட்டக்காரர் பயிற்சி எடுக்க மணிக்கணக்கில் பந்து வீசினார். ஆனால் அங்கே ஒருமுறைகூட மட்டையை அவர் கையில் கொடுக்கவில்லை. 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். அதே ஆள்தான், பூனாவில் இந்துக்களின் அணிக்கு ஆடியபோது மற்றவர்கள் பீங்கான் கோப்பையில் தேநீர் குடிக்க, வெளியே நின்று மண்குவளையில் குடித்தவர். இந்துக்கள் அணிக்கு அவரைக் கேப்டனாக்கவே இல்லை. அவர் தம்பி விட்டல் நல்ல பேட்ஸ்மேன். அவருக்கு அந்தப் பதவி 1923இல்தான் கிடைத்தது, அதுவும் சண்டை போட்ட பிறகு.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

பேரணாம்பட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவன். அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறார். அப்பா தோல் ஷாப்பில் வேலை. பையன் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனான். முதல் செமஸ்டரில் ஆறு பேப்பரில் நான்கு அரியர். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் ஓர் ஆசிரியர், "கோட்டாவுல வந்தா இப்படித்தான்" என்றார். அதற்குப் பிறகு அவன் கல்லூரிக்குப் போகவில்லை. இப்போது அப்பாவோடு ஷாப்புக்குப் போகிறான்.

அந்த ஆறு மாதம் அவனுக்கு எப்படிப் போனது என்று அந்த ஆசிரியர் கேட்டிருக்கலாம். பாடம் முழுக்க ஆங்கிலம். முதல் இரண்டு மாதம் கரும்பலகையைப் படமெடுத்து வந்து வீட்டில் அகராதி பார்த்தான். உதவித்தொகை வரவில்லை. கட்டணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்றார்கள். சனி, ஞாயிறு ஷாப்பில் கூலிக்குப் போய்க் கட்டினான். ஆறு பேப்பரில் நான்கு போனதை எண்ணினார்கள். அந்த நிலையிலும் இரண்டில் தேறினானே, அதை யாரும் எண்ணவில்லை.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா கேட்டார்: "ஒரு தபாதானே தம்பி பெயிலானான்? தோலு கூட ஒரே நாள்ல பதமாவுதா?"

பச்சைத் தோலை ஊறப்போட வேண்டும், சுண்ணாம்பில் போட வேண்டும், முடி எடுத்து, சதை சீவி, பிறகுதான் பதனிட வேண்டும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலத்தில் வாரக்கணக்கில் ஆகும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றங்கரை முழுக்க நம் சனங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை அது. ஒரு தோலுக்குக் காத்திருக்கத் தெரிந்த ஊர், அந்தத் தோலைத் தூக்கிச் சுமந்தவன் மகனுக்கு ஒரு செமஸ்டர் காத்திருக்காதா என்பதுதான் அந்த அம்மாவின் கேள்வி.

ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. சூர்யகுமார் சும்மா வந்தவரில்லை. 2022இல் மட்டும் சர்வதேச இருபது ஓவர் ஆட்டங்களில் 1,164 ரன் எடுத்தவர். மேஸும் அப்படித்தான், ஜயண்ட்ஸுக்கு வருவதற்கு முன் மினியாபோலிஸ் அணிக்கு ஆடிய 35 ஆட்டங்களில் அவர் சராசரி.477. கையில் கணக்கு இருந்தவர்களுக்குத்தான் காத்திருந்தார்கள். உங்கள் பையனுக்கு என்ன கணக்கு இருக்கிறது என்று கேட்பார்கள்.

இருக்கிறது. ஒற்றை அறை வீட்டில், அம்மா கம்பெனி பஸ் பிடிக்கப் போன பிறகு தங்கைக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, டியூஷன் என்றால் என்னவென்று தெரியாமல் பன்னிரண்டாம் வகுப்பு தேறி வந்த மதிப்பெண் இருக்கிறதே, அதுதான் அவனுடைய மினியாபோலிஸ் கணக்கு. அதைப் படிக்க அந்தக் கல்லூரிக்குத் தெரியவில்லை. படிக்கத் தெரியாதவர் தன் குறையை அவன் தலையில் எழுதி, அதற்குத் "தகுதி" என்று பெயர் வைத்துவிட்டார்.

இது ஒரு கல்லூரியின் கதையல்ல. 2015இல் ரூர்க்கி ஐஐடி, முதலாண்டு மதிப்பெண் குறைந்ததென்று எழுபதுக்கும் மேற்பட்ட மாணவர்களை வெளியேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள். உயர்நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. எதிர்ப்பு வலுத்த பிறகுதான் அவர்கள் முதலாண்டை மறுபடி படிக்க நிறுவனம் இடம் கொடுத்தது. அந்த இடம் முதலிலிருந்தே கொடுக்கக்கூடியதுதான். கேட்காமல் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1907இல் மெட்ரிக் தேர்வில் அவர் எடுத்தது 750க்கு 282. இன்றைய கட்-ஆஃப் கண்ணோடு பார்க்கும் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்? 1917இல் பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பலேறினார். ஆனால் நான்கு ஆண்டுக்குள் வந்து தொடரலாம் என்ற அனுமதியை வாங்கிக்கொண்டுதான் ஏறினார். 1920இல் திரும்பிப் போனார். 1923இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டம் வந்தது. அவர் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அதோடு அந்த நான்கு ஆண்டுக் கதவையும் நாம் பார்க்க வேண்டும். கதவு திறந்திருந்ததால்தான் அந்த உழைப்பு போய்ச் சேர இடம் இருந்தது.

ஆகவே, "விடாமுயற்சி செய், வெல்வாய்" என்று மேடையில் பேசுகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். இரண்டாம் பாதியில் அடித்து ஆட, அதுவரை அணியில் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயரைக் காப்பதுதான் நம் வேலை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்துக் கல்லூரிகளிலும் இந்த ஆண்டே செய்யக்கூடியவை மூன்று.

ஒன்று, உங்கள் துறையில் முதல் செமஸ்டரில் சேர்ந்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எத்தனை பேர், மூன்றாம் செமஸ்டரில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எண்ணாத வரை, நின்றுபோனவர்கள் "தானாகப் போனவர்கள்" ஆகிவிடுவார்கள்.

இரண்டு, பணம். தனியார் சுயநிதிக் கல்லூரிகளிலும் தகுதியுள்ள ஆதிதிராவிடர், பழங்குடி, கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்பது 2012இன் அரசாணை எண் 92. அதன் நகல் ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். அரசுப் பணம் தாமதமாவதற்கு மாணவனின் ஹால் டிக்கெட்டைப் பிடித்துவைப்பது எந்த ஊர் நியாயம் என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்று, அரியர் விழுந்தவர்களை முதலில் தேடிப் போகிறவர்கள் சீனியர்களாகிய நீங்களாக இருங்கள். முடிவு வந்த அன்றே போங்கள். பாடத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிக் கொடுங்கள். உங்கள் முதல் செமஸ்டர் மதிப்பெண் பட்டியலை மறைக்காமல் காட்டுங்கள். நம்மில் பலருக்கு அதில் முட்டைகள் உண்டு. அதைச் சொல்ல வெட்கப்படுகிறோம். அந்த வெட்கம் அடுத்து வருகிறவனைத் தனியாளாக்கிவிடுகிறது.

அந்தத் தம்பியிடம் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமையும் போனோம். "பார்க்கலாம்ணா" என்றான். அரியர் எழுத அவனுக்குக் காலம் இருக்கிறது. அடுத்த ஞாயிறும் போவோம்.

ஜெய் பீம்.