யாருடைய அடி பதிவேட்டில் ஏறுகிறது?

"பையனை அடக்கி வைம்மா, இல்லன்னா டீசி வாங்கிட்டுப் போ." கூலி வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்த சேரித் தாயிடம் தலைமையாசிரியர் இப்படித்தான் பேசுகிறார். அவர் நின்றுகொண்டே கேட்கிறார். நாற்காலி ஊர்த்தெருக்காரர்களுக்கு. சாதிப்பெயர் சொல்லிச் சீண்டியவன் செய்தது 'வயசுக் கோளாறு'. பொறுக்காமல் திருப்பி அடித்தவன் செய்தது 'ஒழுங்கீனம்'.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் பள்ளிக்கு வராமல் நின்றான். அதுவும் பதிவேட்டின் கணக்கில் நடத்தைப் பிரச்சினைதான். காரணம் சக மாணவர்களின் சாதிக் கொடுமை. விஷயம் பள்ளிக்குத் தெரிந்த பிறகு, இரவில் வீடு புகுந்து அவனையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் சாதிக்கயிறைத் தடைசெய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு என்ன, ஆசிரியர் கண்ணுக்குத் தெரியாத பொருளா?

தோழர்களே, கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16: தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது. பிரிவு 17: அடிக்கவும் கூடாது, மனரீதியாகத் துன்புறுத்தவும் கூடாது. அந்தத் தாயோடு நாமும் பள்ளிக்குப் போவோம். டீசி தருவதற்கான காரணத்தை எழுத்தில் கேட்போம். முதலில் சீண்டியவனைப் பற்றிப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றும் கேட்போம்.