மருத்துவர்க்கு அரசியல் எதற்கு?

“நாடி பார்ப்பவர்க்கு நாடாளும் பேச்சு எதற்கு?” என்று கேட்கும் நல்லறிவாளர் இன்றும் உளர். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலக்குமியாரின் வாழ்வே அவர்க்கு விடை.

ஆடவர் கல்லூரியில் பெண் பயில்வதா எனப் பழமையாளர் சினந்தனர். மன்னரின் ஒப்புதலோடு அவர் பயின்றார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பொருளீட்டி ஓய்ந்திருக்கலாம், ஓயவில்லை. மருந்துக்குத் தீராத நோய்களின் வேர் வழக்கத்திலும் சட்டத்திலும் ஊன்றியிருப்பதைக் கண்டார். ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில், சென்னை மாகாணச் சட்டமன்றம் புகுந்து, 1927இல் அதன் துணைத்தலைவரானார்.

இளஞ்சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் கொடுமையை அங்கே அவர் எதிர்த்தார். அவர் தாயே அக்குலத்தில் தோன்றியவர். “மரபு கெடும், கலை கெடும்” எனக் கூக்குரலிட்டோர் யார்? அக்கொடுமையைத் தம் வீட்டு மகளிர்க்கு ஒருநாளும் கனவிலும் எண்ணாதோர்! தம் மகள் ஏற்காத மரபை ஏழை மகள் தலையில் சுமத்துவது சமயமா, சூழ்ச்சியா? 1930இல் அவர் முன்வைத்த தடைச்சட்ட வரைவு, 1947இல்தான் சட்டமாயிற்று. இடையிட்ட 17 ஆண்டுகளில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியர்க்கு மரபுக் காவலர் என்ன விடை வைத்துள்ளனர்?

காந்தியார் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார், பணியைத் துறந்தாரல்லர். ஆதரவற்ற பெண்டிர்க்கு ஔவை இல்லம் கண்டார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை நெஞ்சில் தாங்கி, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இன்று மகப்பேற்று உதவித்திட்டம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. நன்று. ஆனால், அப்பெயரின் முன்னே ‘டாக்டர்’ என்னும் ஆங்கிலம். பின்னே ‘ரெட்டி’ என்னும் சாதி. நடுவே உள்ளதே அவர். அவர் காலத்து வழக்கம் அது. நம் காலத்துக்கும் அது வேண்டுமோ? அவ்வுதவியை நாடிவரும் தாய்க்கு அவள் நோயை விளக்கும் மருத்துவக் கல்வி இன்னும் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிரீன் என்னும் அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அயலார்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதாம்!

பெயரைப் பலகையில் எழுதுவது எளிது. சாதியையும் அயன்மொழி அடிமையையும் களைவதே அவருக்குச் செய்யும் சிறப்பு. தமிழர் அதனைச் செய்வாராக!